ஆட்சேபணைக்குரிய குடும்பம்

“ஒரு சின்னச் சிக்கல் சார்” என்று தொடங்கிய பிரகாசம், அதற்கு மேல் போகாமல் காபியை ஊதிக்கொண்டிருந்தார். காபி ஆறிப் போய் வெகு நேரமாகியிருந்தது.

எதிரே சுப்பராயன் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். வட்டாட்சியராக இருந்த காலத்துப் பழக்கம். ஓய்வு பெற்றுப் பத்து மாதமாகியும் அந்த முதுகு மட்டும் இன்னும் பணியில்தான் இருந்தது.

“என்னைக் கிளப்புல சேர்க்கிற விழா தேதி தள்ளிப் போகுதா?”

“தேதி பிரச்சினை இல்ல சார். உங்க பேருக்கு ஒரு ஆட்சேபணை வந்திருக்கு.”

சுப்பராயனுக்கு அந்தச் சொல் புதிதல்ல. ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே ஒரு பேனாவுக்குப் பின் ஒரு பேனாவாகத் தீர்த்தவர் அவர். அந்தக் கையெழுத்துக்காக வராந்தாவில் ஊரே நின்றிருக்கிறது. அதே சொல் திரும்பி வந்து தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

விஷயம் இதுதான். பருத்திப்பட்டில் ‘ஏரிக்கரை நண்பர்கள் சேவைச் சங்கம்’ என்று ஒன்று உண்டு. கிளப் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பிரகாசம் அதன் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சுப்பராயன் இருக்கும் அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர். அவரும் அவர் மனைவி ஞானகுமாரியும் இருவருமே உறுப்பினர்கள். உறுப்பினர்களின் பெயருக்கு முன்னால் ‘நேசர்’ என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளும். நேசர் பிரகாசம், நேசர் ஞானகுமாரி. புதிதாக ஒருவர் சேர வேண்டுமானால் அவர் பெயரைக் கூட்டத்தில் அறிவிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் செயலாளரிடம் ரகசியமாகச் சொல்லலாம். சொன்னவர் யார் என்பதைச் செயலாளர் யாருக்கும் சொல்லக் கூடாது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எழுதி வைத்த விதி. யாரும் பயன்படுத்தாத விதி. சுப்பராயன் விஷயத்தில்தான் அது முதல் தடவையாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது.

“யார் அந்த ஆள்?”

“அதைக் கேக்காதீங்க சார். விதி.”

விதி என்றதும் சுப்பராயன் வாயை மூடிக்கொண்டார். விதியை மதிக்கிறவர். “சரி, என் மேல என்ன குறையாம்?”

“உங்க மேல ஒண்ணும் இல்ல சார். உங்க நேர்மை ஊருக்கே தெரியும். வந்து... குடும்பத்துல சேவை மனப்பான்மை போதாதுன்னு.”

“குடும்பத்துலயா?”

தன்மேல் குறை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். குடும்பத்தின் மேல் என்றபோது காது மடல் சூடேறியது. தங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வாசலில் காத்து நின்றதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். நிரூபிக்க ஆள் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்படியே நிலைத்துவிட்ட உண்மை அது.

மனைவி ராணி காலி டம்ளரை எடுக்க வந்தவள், நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: “விட்டுடுங்களேன். இந்த வயசுல எதுக்கு ஓடி ஆடிக்கிட்டு? பேசாம வீட்டுலயே இருங்க. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

ஒத்தாசை என்று அவள் சொன்னது சுப்பராயனுக்கு நியாயமாகவே பட்டது. ஓய்வு பெற்ற மறுநாளே அவர் வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தார். சமையலறை டப்பாக்களின் பெயர்ச்சீட்டுகள் இப்போது முன்பக்கம் பார்த்து நின்றன. சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்பதற்கு ராணி விளக்கம் தர வேண்டியிருந்தது. குளிர்பெட்டியை எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திறக்கும் வழக்கம் நடைமுறைக்கு வந்திருந்தது. இதற்கெல்லாம் ராணி ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. நிர்வாகத்தில் இருப்பவருக்கு நன்றி கிடைக்காது.

“நான் இப்ப பின்வாங்கினா பழியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்” என்றார். “பிரகாசம், ஆட்சேபணையை நேர்ல சந்திக்கிறேன். என் குடும்பத்துக்கு சேவை மனப்பான்மை இருக்கா இல்லையான்னு அந்த ஆள் பார்க்கட்டும்.”

பிரகாசம் என்னவோ சொல்ல வந்தார். ராணி டம்ளரோடு இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போனார்.

கையோடு போன் அடித்தது. திருவேற்காட்டிலிருந்து சம்பந்தி, மகளின் மாமனார்.

“சம்பந்தி, உங்க கிளப் விழா எப்போ? வேன் சொல்லணும். எங்க பெரியப்பா வீட்டாளுங்களும் வராங்களாம். உங்களை மூணு தடவை வந்து கெஞ்சினாங்கன்னு சொன்னேன், நேர்ல பார்க்கணும்கறாங்க.”

கெஞ்சினார்கள் என்று சொன்னது சுப்பராயன்தான். மூன்று தடவை என்பது சம்பந்தி சேர்த்தது.

“தேதி சொல்றேன் சம்பந்தி” என்றார் சுப்பராயன். அதுவரை அவர் எத்தனையோ பேருக்குத் தேதி சொல்லாமல் இழுத்ததுண்டு. சொல்ல முடியாமல் இழுத்ததில்லை.

*

அடுத்த மாதம் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளப்பின் ரத்ததான முகாம். சுப்பராயன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் கிஷோரை எழுப்பிக் கிளப்பிக்கொண்டு போனார். ராணிக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கதவைச் சாத்தும்போது அவள் பாட்டு முணுமுணுத்தது மாதிரி இருந்தது. பிரஷர் குக்கராக இருக்கும் என்று இறங்கிப் போனார்.

“ஐயா இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“இல்லம்மா, இதுதான் முதல்.”

“அறுபது தாண்டி முதல் தடவைன்னா எடுக்க மாட்டோங்க.”

“ஏன்?”

“விதிங்க.”

“விதிவிலக்கு கேட்டு யார்கிட்ட மனு குடுக்கணும்?”

நர்ஸ் அவர் முகத்தின் நிறத்தைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சுப்பராயனைக் கட்டிலில் படுக்க வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டார். ரத்தம் கொடுக்க வந்த ஐந்தாறு பேர், கட்டில் காலியாகட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

பக்கத்து மேசையில் கிஷோர் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

“பச்சை குத்தியிருக்கீங்களா சார்?”

கிஷோர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். “சின்னதா ஒண்ணு.”

“எவ்ளோ நாள் ஆச்சு?”

“போன டிசம்பர்.”

“ஒரு வருஷம் ஆகணும் சார். அப்புறம் வாங்க.”

சுப்பராயன் படுத்தபடியே கேட்டார். “என்னது அது?”

“திமிங்கலம்பா.”

“டிசம்பர்ல நீ ஆபீஸ் டிரெயினிங்னு தானே கோவா போனே?”

“டிரெயினிங் மதியத்தோட முடிஞ்சிடுச்சுப்பா.”

“நம்ம குடும்பத்துல யார் கையில திமிங்கலம் இருந்திருக்கு?”

“கையில இல்லப்பா, தோள்ல.”

கட்டிலுக்காக நின்றவர்கள் திமிங்கலத்தைப் பார்க்கும் ஆவலில் கிஷோர் பக்கம் நகர்ந்தார்கள். ஜூஸ் மேசையில் இருந்த ஞானகுமாரி பெரிய மனது பண்ணி, “வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சார்” என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கொரு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ படம் எடுத்தார்கள்.

மாலையில் அந்தப் படம் கிளப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. ‘தானம் செய்த தந்தையும் தனயனும்’ என்று தலைப்பு. பிரகாசம் அதைச் சுப்பராயனுக்கு அனுப்பி, “பாதி ஆட்சேபணை இதுலயே போயிடும் சார்” என்று குரல் செய்தியும் போட்டிருந்தார்.

வேறொருவராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். சுப்பராயன் உடனே போன் செய்தார். “செய்யாத காரியத்துக்குப் பேர் வாங்கற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. திருத்தம் போடுங்க.”

“எதுக்கு சார், யார் பார்க்கப் போறா?”

“திருத்தம் போடுங்க பிரகாசம்.”

தலைமையாசிரியர் திருத்தம் போட்டார். ‘மேற்கண்ட இருவரும் ரத்தம் தரவில்லை. ஜூஸ் மட்டும் அருந்தினார்கள். தவற்றுக்கு வருந்துகிறோம்.’

படத்தைப் பார்க்காதவர்கள்கூடத் திருத்தத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், “ஜூஸ் நல்லா இருந்துச்சா சார்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

*

ஆட்சேபணை சொன்ன ஆள் யார் என்பது சுப்பராயனுக்கு அப்போது பளிச்சென்று தெரிந்துவிட்டது. வீராசாமி. குடியிருப்புக்குப் பக்கத்து வீடு; தண்ணீர் லாரி வைத்திருப்பவர். விடியற்காலையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அது போடும் சத்தத்தைப் பற்றிச் சுப்பராயன் மாநகராட்சிக்கு மனு போட்டிருந்தார். மனு போட்டவர் குடும்பத்தைப் பற்றி வேறு யார் பேசுவார்கள்?

அதுவரை அடுத்தவர் வாசலில் நிற்காத குடும்பம் அன்று வீராசாமி வாசலில் நின்றது.

“இன்னா சார், காலங்காத்தால?” வீராசாமி பல் குச்சியோடு வந்தார்.

“நீங்க பண்ணது நல்லா இருக்கா வீராசாமி?”

“நான் இன்னா பண்ணேன்? அந்தச் சத்தத்தைக்கூட ஒயரைப் புடுங்கி உட்டேனே.”

“கிளப்புல என் குடும்பத்தைப் பத்தி ஆட்சேபணை சொல்லியிருக்கீங்க.”

“இன்னா கிளப்பு? எங்க கீது?”

“தெரியாத மாதிரி பேசாதீங்க. மறைஞ்சு நின்னு பேசறது ஆம்பளைக்கு அழகில்ல.”

வீராசாமி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “சார், நான் மறைஞ்சு நின்னு பேசறவன் இல்ல. அந்தக் கிளப்பு மேலயா கீழயான்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லு. அதுல உன்னிய பத்தி ஆட்சேபணை சொல்லணும்னா இன்னா பண்ணணும்?”

“உறுப்பினரா இருக்கணும்.”

“அப்டியா. இரு, சட்டை மாட்டிக்கினு வரேன்.”

வீராசாமியின் பெயர் அடுத்த கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. கிளப்பிடம் பேனர் இருந்தது, மாலை இருந்தது, மைக் இருந்தது. தண்ணீர் லாரி இல்லை. சட்டையில் கிளப் சின்னம் பொறித்த பின்னைக் குத்திய கையோடு நேசர் வீராசாமி தன் முதல் சேவையைச் செய்தார்.

பிரகாசம் மறுபடியும் அதே சோபாவில் வந்து உட்கார்ந்தார். “ரெண்டாவது ஆட்சேபணை சார். இவர் பேரைச் சொல்லலாம். ரகசியம் வேணாம்னுட்டார். முடிஞ்சா மைக்ல அறிவிக்கச் சொல்றார்.”

“இன்னா காரணமாம்?” என்று கேட்டுவிட்டுச் சுப்பராயன் திடுக்கிட்டார். பகைவன் பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. “என்ன காரணமாம்?”

“காரணம் அப்பால சொல்றேன்னார்.”

ராணி உள்ளிருந்து, “அவர்தான் இவ்ளோ தூரம் சொல்றாரே, விட்டுடுங்களேன்” என்றாள்.

“ரெண்டு பேர் சொன்னதுக்கப்புறம் எப்படி விடறது?” என்றார் சுப்பராயன்.

*

ரத்தம்தான் ஒத்துவரவில்லை, வியர்வையை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதே என்று யோசித்தார். ஏரிக்கரையில் நடைபாதைக்கு அப்பால் ஒரு நீளமான திடல் புதர் மண்டிக் கிடந்தது. காய்ந்த குச்சிகள், சாய்ந்து கிடக்கும் கம்புகள், எழுத்து அழிந்த தகரத் துண்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிஷோரையும் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு போய், கையுறை மாட்டி, அவ்வளவையும் பிடுங்கித் தள்ளிவிட்டார். திடல் கூடம் போலச் சுத்தமானது. பிடுங்கிய குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அம்மன் கோயிலில் பொங்கல் வைக்க விறகாகக் கொடுத்தனுப்பினார். ஒரே நாளில் இரண்டு சேவை. படம் எடுத்து, ‘கருவேலம் அகற்றம்: சுப்பராயன் குடும்பத்தார்’ என்று அவரே எழுதி அனுப்பினார்.

பிரகாசத்திடமிருந்து போன் வந்தது. குரலில் துக்க வீட்டுத் தொனி.

“சார், அது கருவேலம் இல்ல.”

“பின்ன?”

“எங்க போன வருஷத் தலைவர் நட்ட கன்னுங்க சார். நூறு கன்னு. அந்தத் தகரத்துல எல்லாம் அவர் பேர் இருந்துச்சு.”

“எல்லாம் காஞ்சு கெடந்துச்சே?”

“காஞ்சாலும் எங்களுது சார். இப்ப எங்க இருக்கு?”

சுப்பராயன் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். “நேத்து கோயில்லேர்ந்து உங்க வீட்டுக்கும் பொங்கல் வந்திருக்குமே.”

“வந்துச்சு.”

“அதுல வெந்ததுதான்.”

சங்கத்தில் சேருவதற்கு முன்பே சங்கத்தை வேரோடு பிடுங்கியவர் என்ற பெயர் ஆவடி வரைக்கும் போயிற்று. சம்பந்தி போன் செய்து, “என்னவோ விறகு விஷயம்கறாங்களே?” என்று பொதுவாகக் கேட்டார்.

சுப்பராயன் எடுத்ததைத் திருப்பி வைக்கிறவர். தம் செலவிலேயே நூறு கன்றுகள் வாங்கி, அதே குழிகளில் நட்டார். நட்டதோடு நிற்கவில்லை. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. கன்று காய்ந்தால் மறுபடியும் பேச்சு வரும். விடிந்ததும் ஸ்கூட்டரில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார். சாப்பிட்டு ஒரு கண் அசந்துவிட்டு, மறுபடி மாலையில் கேன்.

நாளடைவில் அங்கே ஒரு நிர்வாகம் உருவாயிற்று. ஒவ்வொரு கன்றுக்கும் சர்வே எண் உண்டு. 14-ஆம் எண் புங்கன் ஏன் இலை விடவில்லை என்று அதன் முன்னால் நின்று விளக்கம் கேட்டார். 37-ஐ ஆடு கடித்ததற்கு ஆட்டுக்காரரிடம் வாய்மொழி எச்சரிக்கை போனது. வீட்டுக் குளிர்பெட்டியை யார் எதற்குத் திறக்கிறார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியாது. உடம்பு இளைத்தது; முகம் கறுத்தது; தூக்கம் நன்றாக வந்தது.

“எதுக்குங்க இவ்ளோ கஷ்டம்?” என்று ராணி மோர் கொடுக்கும்போதெல்லாம் கேட்பாள். கேட்டுவிட்டு, “இன்னொரு கேன் வேணும்னா பரண்ல இருக்கு” என்பாள்.

கன்றுகள் பிழைத்தன. நூறும் பிழைத்தன.

அதுதான் அடுத்த வில்லங்கம்.

ஆனி மாதம் ஒருநாள் மாலை பிரகாசமும் வீராசாமியும் ஏரிக்கரைக்கே வந்தார்கள். பிரகாசம் வரிசையாகத் தளிர்த்து நின்றதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“என்ன பண்ணேன்?”

“அடுத்த மாசம் புதுத் தலைவர் பதவியேற்பு. மாவட்டத் தலைவரை மரம் நடக் கூப்பிட்டாச்சு. வருஷா வருஷம் இந்தக் குழியிலதான் சார் நடுவோம். இப்ப எங்க நடறது?”

“வருஷா வருஷம் இதே குழியிலயா?”

“நல்ல குழி சார். எப்பவும் காலியாத்தான் இருக்கும்.”

“அதுக்காக?”

“ஒரு பத்து கன்னு மட்டும் எடுத்துட்டீங்கன்னா...”

சுப்பராயன் 14-ஆம் எண்ணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “பிரகாசம், நீங்க என்னை உறுப்பினராச் சேர்க்கலைன்னா பரவாயில்ல. சம்பந்தி வீட்டுல என் தலை குனிஞ்சாலும் பரவாயில்ல. என் குடும்பத்துல வந்து சேர்ந்ததை நான் பிடுங்க விடமாட்டேன்.”

சொன்ன பிறகுதான், தான் எதை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. ஆனாலும் நகரவில்லை.

வீராசாமி கேனைத் தூக்கிப் பார்த்தார். சுப்பராயனின் தோளில் கேன் தூக்கிய தடம் இருப்பதைப் பார்த்தார்.

“இத்த ரெண்டு வேளையும் நீயா தூக்கினு வர?”

“வேற யாரு வருவா?”

“இன்னா சார் நீ. பக்கத்து ஊட்ல லாரி வச்சினு ஒருத்தன் கீறான், ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?” என்றவர் பிரகாசம் பக்கம் திரும்பினார். “செகரட்ரி சார், என் ஆட்சேபணை கேன்சல். மாவட்டத் தலைவரு வந்தா இருக்கிற மரத்துக்குத் தண்ணி ஊத்தட்டும். நான் ஓஸ் புடிக்கிறேன். படத்துல நட்டதுக்கும் ஊத்தினதுக்கும் இன்னா வித்தியாசம் தெரியப் போவுது?”

பிரகாசம் யோசித்தார். குழியும் தோண்ட வேண்டாம், கன்றும் வாங்க வேண்டாம் என்ற இடத்தில் அவர் முகம் தெளிந்தது.

“நல்லது. ஆனா முதல் ஆட்சேபணை இன்னும் அப்படியே நிக்குதே” என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுப்பராயன் நடந்ததைச் சொன்னார். ராணி சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டு அவர் தோள் தடத்தைப் பார்த்தாள். இரண்டாம் நாள் காலை பிரகாசம் படியேறி ஓடி வந்தார்.

“முதல் ஆட்சேபணையும் வாபஸ் சார். இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேக்கலை சார். நான் எதையுமே கேக்கறதில்ல.”

*

விழாவுக்குத் திருவேற்காட்டிலிருந்து வேன் வந்தது; சம்பந்தி சொன்னதைவிட நாலு பேர் அதிகமாகவே இறங்கினார்கள். மண்டபத்தில் மணி அடித்துக் கூட்டம் தொடங்கியது. சுப்பராயன் சட்டையில் கிளப் பின்னைக் குத்தினார்கள். நேசர் சுப்பராயன் என்று மைக்கில் சொன்னபோது சம்பந்தியின் பெரியப்பா எழுந்து நின்றே கை தட்டினார். வீராசாமி விசில் அடித்தார்.

சுப்பராயன் ஏற்புரை ஆற்றினார்.

“என் குடும்பத்தின் மீது ஒரு பழி விழுந்தது. விழுந்த பழியை உழைப்பால் துடைத்தோம். அந்த ஆட்சேபணையைச் சொன்ன நேசர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவர் யார் என்று நான் கேட்க மாட்டேன். அது விதிக்கு விரோதம். அவர் மட்டும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் என் மனைவி எத்தனையோ முறை விட்டுவிடச் சொன்னாள். நான் விடவில்லை. வைராக்கியம் என்பது எங்கள் குடும்பத்தின் சொத்து.”

கைதட்டல் ஓயச் சற்று நேரமானது. ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை மேடையிலிருந்தே பார்த்தார். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

விருந்து தொடங்கியது. சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துவிட்டு, ராணியைத் தேடிக்கொண்டு போனார். இத்தனை நாள் அவள் சொல்லைக் கேட்காமல் போனதற்கு இன்றைக்காவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், ராணியும் ஞானகுமாரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தூணுக்கு இந்தப் பக்கம், முதுகை நிமிர்த்தி, சட்டையில் பின்னைச் சரி செய்துகொண்டு, பேச்சு முடியட்டும் என்று காத்து நின்றார்.

ஞானகுமாரி சொல்லிக்கொண்டிருந்தாள்: “நீ சொன்னேன்னு தான் ராணி ஆட்சேபணை குடுத்தேன், அவர் இளைச்சுட்டார்னு நீ அழுதேன்னு தான் வாபஸும் வாங்கினேன், நாளைக்கு மனுஷன் மறுபடியும் வீட்டுலயே உட்கார்ந்துட்டா, இன்னொரு ஆட்சேபணைக்கு என்கிட்ட வராதே.”